மேற்குச் சுவரில் ஆறடி

அத்தியாயம் பதினான்கு

பிப்ரவரி ஆறாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வெளியே ஒரு டிகிரி. காற்று இல்லை, மூடுபனி வேலியோரமாக அசையாமல் நின்றிருந்தது. மூன்று நாள்களாக மழை இல்லை. ஆனாலும் கொல்லையிலிருந்த தகரக் கொட்டகைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

கூரையில் ஓட்டை இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டால் நீராகும், நீரானால் சொட்டும். மீன் குளிர்கிடங்கில் முப்பத்தோரு ஆண்டுகள் வெப்பநிலை மேற்பார்வை பார்த்து, நான்கு மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்றவளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மைனஸ் பதினெட்டு அறைக்குள் கையுறை இல்லாமல் போய், கதவு ரப்பரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள். அதனால் கிடங்கில் அவளுக்கு ‘மைனஸ்’ என்று பெயர். நேரில் யாரும் அப்படி அழைத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் வேறு எந்தப் பெயராலும் அழைத்ததில்லை.

மூன்று வாரங்களாக இந்த வீட்டில் நடப்பதைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். மற்றவர்களுக்கு இவ்வளவு போதும். வீடு அக்காவுக்கும் தம்பிக்கும் சரிபாதி. தம்பி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். அவன் மனைவி செயற்கைப் பல் செய்பவள். இப்போது ஒரு பல் செய்யும் கூடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். கொல்லைக் கொட்டகைக்கு வெப்பத்தடுப்பு வைத்து, அதைத் தன் சொந்தப் பட்டறையாக ஆக்கிக்கொள்ள விரும்புகிறாள் என்பது வீட்டில் அறிவிக்கப்பட்ட செய்தி. அதற்கு நகராட்சியின் பயன்பாட்டு மாற்றப் படிவத்தில் இரண்டு உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும். தம்பி படிவம் வந்த அன்றே இட்டுவிட்டான். அக்கா இன்றுவரை இடவில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் அடுத்த வாய்ப்பு ஜூலையில்தான்.

அக்காவின் ஆட்சேபணை ஒன்றே ஒன்று. படிவத்தின் நடுவில் இரண்டு கட்டங்கள் இருந்தன: பணியிடம், தங்குமிடம். இரண்டும் காலியாக இருந்தன. நிரப்பப்படாத தாளில் கையெழுத்திடும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

“டீயில சீனியே இல்ல. எதைப் போட்டுக் கலக்குற?” என்றாள் அக்கா.

தம்பி கரண்டியை நிறுத்தினான். “சூடு ஆறட்டும்னு.”

“கையெழுத்துப் போட்டியே, எந்தக் கட்டத்துல டிக் வரும்னு கேட்டியா?”

“அவ பாத்துக்குவா.”

“அதைத்தான் கேக்குறேன். அவ எதைப் பாத்துக்குவா?”

“ஏழே கால் ஆச்சுக்கா. முப்பத்தெட்டுப் பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்.” பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கலக்கிய தேநீர் மேசையிலேயே இருந்தது.

தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். அதனால் சொல்ல வேண்டிய இடத்தில் எழுந்து போய்விடுவான். ஐந்து வயதில் தொடங்கிய இந்தப் பழக்கம் ஐம்பத்து மூன்றிலும் விட்டபாடில்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி கேட்ட கேள்வியையும் அக்கா மறக்கவில்லை. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று திரும்பி, “அண்ணி, சிமென்ட் தரையில ராத்திரி உங்களுக்குக் கால் சில்லுனு இருக்குமா?” என்று கேட்டாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அக்காவின் கால்களைப் பற்றி அவள் விசாரித்தது அதுவே முதல்முறை.

இப்போது அவள் கைப்பையோடு வந்து நின்றாள். “அண்ணி, எட்டரைக்கு மேஸ்திரி வருவார். எப்படிப் பொருத்தணும்னு வரைஞ்சு அவர்கிட்டயே குடுத்துட்டேன். ரெண்டு மணிக்கு வந்துடுவேன். நீங்க சும்மா இருந்தா போதும்.”

“சும்மா இருக்க எனக்கு நாலு மாசமாத்தான் பழக்கம்” என்றாள் அக்கா. “இன்னும் சரியா வரலை.”

தம்பி மனைவி சிரிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த படிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

மேஸ்திரி எட்டரைக்கு வந்தார். காதில் பென்சில், இடுப்பில் அளவு நாடா, வாயில் ஓயாத பேச்சு. சிறிய வேனிலிருந்து மரச் சட்டங்களையும் மஞ்சளும் பச்சையும் கலந்த கம்பளிப் பாளங்களையும் இறக்கினார்.

“வீட்டுக்காரம்மாவுங்களா?”

“பாதி.”

“மீதிப் பாதி எங்கே?”

“பஸ் ஓட்டுது. இது என்ன, ராக் வுல்லா?”

மேஸ்திரி பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். பெயர் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளரை அவர் அதிகம் கண்டதில்லை போலும். “ஆமாங்க. கல்லை உருக்கி நூலாக்கினது.”

“எங்க கிடங்குல ஃபோம் பலகை. நாலு அங்குலம். முப்பது வருஷம் அசையலை.”

“நானும் முதல்ல அதைத்தான் சொன்னேன். அந்தம்மா ஒத்துக்கலை. மெழுகு உருக்குவேன், பர்னர் எரியும், பொறி பட்டா ஃபோம் புகையும்னுட்டாங்க. தெர்மாகோல் அதைவிட மோசம், குப்புனு பத்திக்கும். கிளாஸ் வுல் ஈரம் குடிச்சா நனைஞ்ச பாய் மாதிரி கீழே தொங்கிடும். நுரையைத் தெளிச்சுடலாமான்னேன். அது தகரத்தோட ஒட்டிக்குமே, நாளைக்கு ஒரு தகரம் துருப்பிடிச்சா மொத்தச் சுவரையும் உரிக்கணுமேன்னு திருப்பிக் கேட்டாங்க. எல்லாத்தையும் கழிச்சா மிஞ்சுறது இதுதான்.”

பதில் சரியாக இருந்தது. சரியான பதில்கள் அக்காவுக்கு ஒருபோதும் நிம்மதி தந்ததில்லை. இவ்வளவு யோசித்தவள் ஒரு கட்டத்தில் டிக் போட மட்டும் ஏன் மறந்தாள்?

கொட்டகை பன்னிரண்டடிக்குப் பத்தடி. மேஸ்திரி முதலில் தரையில் கறுப்புத் தாளை விரித்து, அதன்மேல் இரண்டு அங்குலக் கெட்டி வெப்பத்தடுப்புப் பலகைகளை இடைவெளியில்லாமல் அடுக்கத் தொடங்கினார். அக்கா கதவோரம் ஒரு பழைய மர ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“தரைக்கு எதுக்குப் பலகை? பல்லுக்குக் கால் குளிருமா?”

“பல்லுக்கு ஏதும்மா கால்?” மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். “நிக்கிறவங்களுக்கு.”

“அவ உக்காந்துதான் பல் செய்வா.”

“உக்காந்தாலும் கால் தரையிலதானே இருக்கும்?”

“செருப்புல இருக்கும். எங்கே, அந்த வரைபடத்தைக் குடுங்க.”

மேஸ்திரி கொடுத்துவிட்டார். கொடுக்கக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அது தம்பி மனைவியின் கையெழுத்து. பல்லின் வளைவு வரையும் கூரிய பென்சிலால் ஒவ்வொரு கட்டமும் வரையப்பட்டு, உள்ளே பெயர் எழுதப்பட்டிருந்தது. கிழக்குச் சுவரில் அரைக்கும் இயந்திரம். அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டர் மேசை. தெற்கில் குழாய், தொட்டி, சிறிய அடுப்பு. மேற்குச் சுவரையொட்டி ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு கட்டம். அதற்குள் ஒன்றும் எழுதவில்லை.

“இது என்ன?”

“இடம்.”

“என்ன இடம்?”

“காலி இடம்.”

“காலி இடத்துக்குப் பக்கத்துல முட்டி உயரத்துல ப்ளக் பாயிண்ட் எதுக்கு?”

“நான் சுவர்க்காரன்மா. கரண்டுக்காரனைக் கேளுங்க.”

அக்கா வரைபடத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஆறடிக்கு மூன்றடியில் இந்த உலகில் என்னென்ன வைக்கலாம் என்று எண்ணிப் பார்த்தாள். கட்டில் வைக்கலாம். மற்றொன்றும் வைக்கலாம்; ஆனால் அதற்குப் ப்ளக் பாயிண்ட் வேண்டாம்.

வீட்டில் மூன்று பேர். இருவருக்கு ஒரு படுக்கையறை, அக்காவுக்கு ஒன்று. புதிய கட்டில் யாருக்கு என்பதைக் கண்டுபிடிக்க வரைபடம் தேவையில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பத்து மணிக்கு வடக்குச் சுவர் தொடங்கியது. மேஸ்திரி தகரத்திலிருந்து ஓர் அங்குலம் காற்றோட இடம் விட்டு ரீப்பர் சட்டங்களை அடித்தார். இரும்புச் சட்டமும் மரமும் சந்திக்கும் இடமெல்லாம் மெல்லிய நுரைப் பட்டையைச் செருகினார். அந்த வேலையை அக்கா மனத்துக்குள் பாராட்டினாள். இரும்பு வழியாகக் குளிர் ஏறுவது பலருக்குத் தெரியாது. ரீப்பர்களுக்கு நடுவில் கம்பளிப் பாளங்களை நெருக்கி நிறுத்தினார். பிறகு ஈரத்தடுப்புத் தாளை எடுத்து, கம்பளியின்மேல், அறையின் உட்பக்கமாக விரித்தார்.

“நிறுத்துங்க” என்றாள் அக்கா. “தாள் தப்பான பக்கம் போகுது.”

“சரியான பக்கம்தானுங்க.”

“ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். தாள் வெளிப்பக்கம் இருக்கணும், பஞ்சுக்குப் பின்னால. இந்த அடிப்படை தெரியாமலா இந்த வேலைக்கு வந்தீங்க?”

“இல்லம்மா, அது உங்க கிடங்குல. இங்கே வந்து...”

“முப்பத்தோரு வருஷம் பாத்திருக்கேன். உள்பக்கம் தாள் போட்ட ஒரே ஒரு அறை எங்ககிட்ட இருந்தது. மூணே மாசத்துல சுவர் பூரா ஐஸ் கட்டி, கதவைத் திறக்க முடியலை. பஞ்சைப் பிரிங்க.”

“அந்தம்மா வரைஞ்சு குடுத்தது...”

“இந்தக் கொட்டகையில பாதி என்னுது. இந்தச் சுவர் என் பாதியில இருக்குன்னு வெச்சுக்குங்க.”

மேஸ்திரி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒரு ரீப்பரின்மேல் ‘வீட்டுக்காரம்மா சொன்னபடி’ என்று எழுதி, அதன்கீழ் தேதியும் போட்டார். பின்னால் வரக்கூடிய பழிக்கு முன்னாலேயே இடம் ஒதுக்கிவைப்பது அவர் தொழில் வழக்கம். பிறகு கம்பளியை உருவி, தாளைப் பின்னால் கட்டி, மறுபடி கம்பளியை நிறுத்தினார். நாற்பது நிமிடங்கள் பிடித்தன. அவ்வளவு நேரமும் அவர் பேசவில்லை.

அக்கா தேநீர் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் வாய் திறந்தார். “ஒண்ணு காட்டட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது.”

வெளியே சாத்தி வைத்திருந்த இரும்பு அளவுகோலை எடுத்துவந்து, அதன்மேல் வாயால் ஊதினார். பளபளத்த இரும்பு பால் நிறமாக மங்கியது. விரலால் தடவினார்; விரல் ஈரமானது.

“உங்க கிடங்குல உள்ளே குளிர், வெளியே சூடு. ஈரம் வெளியிலிருந்து வரும். சரிதான். இங்கே உள்ளே ஹீட்டர், வெளியே ஒரு டிகிரி. ஈரம் உள்ளிருந்து வெளியே போகும். மீன் மூச்சு விடாதும்மா. மனுஷங்க விடுவாங்க. ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு ஒருத்தர் எட்டு மணி நேரம் தூங்கினா, ஒண்ணு ஒண்ணரை டம்ளர் தண்ணி மூச்சுலயே வெளியே வந்துடும். அவ்வளவும் இந்தப் பஞ்சுக்குள்ள...”

அவர் நிறுத்திக்கொண்டார். காலதாமதமாக.

“யார் தூங்கினா?” என்றாள் அக்கா.

“ஒரு பேச்சுக்கு.”

“பல் தூங்காது.”

மேஸ்திரி தேநீரைப் பார்த்தார். “ராத்திரிக்கு எத்தனை பேர்னு நான்தான் கேட்டேன். அதை வெச்சுத்தான் காத்துப் போற ஓட்டையோட அளவு போடணும். ஒருத்தர்னு சொன்னாங்க. யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. என்னை இதுல இழுக்காதீங்க.”

தன் தவறு எது என்பது அக்காவுக்கு அந்த நொடியே விளங்கியது. சூடான பக்கத்தில் தாள், விதி அதுதான். விதியைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருந்தாள். சூடு எந்தப் பக்கம் என்பதைத்தான் பார்க்கவில்லை. ஆனால் இப்போது அதைப் பற்றி வருந்த நேரமில்லை. ஒருவர். ராத்திரிக்கு ஒருவர்.

பதினொன்றரைக்குத் தம்பி வந்தான். காலைச் சவாரிக்கும் மதியச் சவாரிக்கும் நடுவே அவன் வீட்டுக்கு வந்து சாப்பிடுவது வழக்கம். அக்கா தட்டு வைக்கவில்லை.

“என்னைத் தகரத்துல போடப்போறீங்களா?”

“என்னக்கா இது?”

“எனக்குக் கால் சில்லுனு இருக்குமான்னு அவ கேக்குறா. தரைக்குப் பலகை போகுது. மேற்குச் சுவர்ல ஆறடி காலியா இருக்கு. மேஸ்திரி ஒருத்தருக்கு மூச்சுக் கணக்குப் போட்டுட்டார். நேராச் சொல்லித் தொலையேன். நான் என்ன அழவா போறேன்?”

தம்பி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இந்த முறை எழுந்து போகவில்லை. “உன்னை இல்லக்கா.”

“பின்னே? வாடகைக்கு ஆள் வெக்கிறீங்களா?”

“இல்ல.”

“வீட்டுல இருக்குறது மூணு பேர். என்னையும் கழிச்சாச்சு, உன் மூஞ்சியைப் பாத்தா உன்னையும் கழிச்சுடலாம்.”

 அக்கா சட்டென்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அவளா? எதுக்கு?”

“பட்டறையும் அங்கே, படுக்கையும் அங்கேன்னு சொன்னா. மூணு மாசம் முன்னால.”

“நீ என்ன கேட்டே?”

“ஒண்ணும் கேக்கலை.”

“பெண்டாட்டி கொல்லைப்பக்கம் குடிபோறேங்கிறா. நீ ஒண்ணும் கேக்கலை. ஏன்னுகூடவா?”

“கேட்டா சொல்லிடுவாளேக்கா” என்றான் தம்பி.

ஐம்பத்து மூன்று வயது முகத்தில் அந்த ஐந்து வயதுப் பையன் தெரிந்தான். அக்கா எழுந்து தட்டு வைத்தாள்.

தம்பி மனைவி இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தாள். வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொட்டகைக்குப் போனாள். கிழக்குச் சுவர் முடிந்திருந்தது. தாள் உட்பக்கம், மடிப்பெல்லாம் வெள்ளிநிற ஒட்டுநாடா. அதைக் கையால் தடவிப் பார்த்தவள், வடக்குச் சுவரின் முன் நின்றாள். அங்கே கம்பளி வெறுமையாக வெளியே தெரிந்தது. ரீப்பரில் பென்சில் எழுத்து.

“வீட்டுக்காரம்மா சொன்னபடி” என்று படித்தாள். திரும்பாமலே கேட்டாள்: “எந்த வீட்டுக்காரம்மா, அண்ணி?”

அக்கா கதவில் நின்றுகொண்டிருந்தாள். மேஸ்திரி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, அளக்க எதுவுமில்லாத வேலிப்பக்கம் போனார்.

“அந்த ஆறடிக் கட்டம் யாருக்கு?”

“எனக்கு.”

“அவன் சொல்லிட்டான். உன் வாயால கேக்கணும்னு இருந்தேன்.”

“கேட்டாச்சுல்ல?”

“ஏன்னு கேக்கலை இன்னும்.”

தம்பி மனைவி கைப்பையைத் தரையில் வைத்தாள். “நான் ஒரு பாத்திரத்தை மூடினா, திறந்து பாத்துட்டு மறுபடி மூடுவீங்க. குழாயை நிறுத்தினா, வந்து இன்னொரு திருகு. ஃப்ரிட்ஜ்ல பால் வெச்சா அதை ஒரு அங்குலம் தள்ளி வெப்பீங்க. ராத்திரி ரூம் கதவைச் சாத்தினா, சரியாச் சாத்தியிருக்கான்னு வெளியிலிருந்து தள்ளிப் பாப்பீங்க. உள்ளே நான் படுத்திருப்பேன்.”

“பழக்கம். வேணும்னு செய்யலை.”

“தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா ஒரு நாள் சண்டை போட்டு முடிச்சிருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்காது.”

“மீன் ஒண்ணும் சொன்னதில்ல” என்றாள் அக்கா.

“மீன் பொறுத்துக்கிட்டு இருக்கலை அண்ணி. செத்துப்போய் இருந்துச்சு.”

இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை.

“என்னைப் போகச் சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல பெட்டியோட வாசல்ல நின்னிருப்பீங்க. அக்காவைத் துரத்தினவள்னு அவர் என்னைப் பாத்திருப்பார். வாயால சொல்லமாட்டார், பாப்பார். அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்ல.”

“அதனால கட்டத்தைக் காலியா விட்டு, திருட்டுத்தனமாக் கையெழுத்து வாங்கப் பாத்தே.”

“ஆமா. தப்புதான். தங்குமிடம்னு டிக் போட்டா யாருக்குன்னு கேப்பீங்க. எனக்குன்னா ஏன்னு கேப்பீங்க. இப்ப சொன்னேனே, இதைச் சொல்ல எனக்கு மூணு வாரம் பத்தலை.”

“கால் குளிருமான்னு என்னைக் கேட்டது?”

“குளிரைப் பத்தி இந்த வீட்டுல வேற யாரைக் கேக்கறது?”

அது புகழ்ச்சியா, புகாரா என்று அக்காவால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டும் இல்லாமல், வெறும் உண்மையாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட வாக்கியங்களை அவள் இந்த வீட்டில் அதிகம் கேட்டதில்லை.

“மேஸ்திரி” என்று வேலிப்பக்கம் குரல் கொடுத்தாள். “வடக்குச் சுவரைப் பிரிங்க. தாள் உள்பக்கமே இருக்கட்டும். நான் சொன்னது தப்பு.”

தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள். அந்தக் கடைசி மூன்று சொற்களை அந்த வரிசையில் அவள் இதற்குமுன் கேட்டதில்லை. அதனாலேயே அவளுக்கு உடனே சந்தேகம் வந்தது.

“எதுக்கு இப்படிச் சட்டுனு இறங்கி வர்றீங்க?”

“இறங்கலை. சூடு எந்தப் பக்கம்னு பாக்காம பேசிட்டேன். அது வேற, இது வேற.” அக்கா குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு கேக்குறேன். அவன்? அவன் ராத்திரி எங்கே இருப்பான்?”

“அவர் கேக்கலையே.”

“நான் கேக்குறேன்.”

“நீங்க கேட்டா நான் சொல்லமாட்டேன், அண்ணி. அதை அவர் கேக்கணும்.”

மேஸ்திரி சுத்தியலோடு உள்ளே வந்தார். பேச்சு அதோடு நின்றது.

நான்கு மணி இருபது நிமிடத்துக்குத் தம்பி மதியச் சவாரி முடித்து வந்தபோது, அக்கா சமையலறை மேசையில் படிவத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள், கிடங்கில் ஆய்வறிக்கை எழுதும்போது மட்டும் போடுவது. தம்பி மனைவி கோட்டைக் கழற்றாமல் எதிரே நின்றாள். நகராட்சி அலுவலகம் நடந்தால் பத்து நிமிடம்.

அக்கா ‘பணியிடம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். ‘தங்குமிடம்’ என்ற கட்டத்திலும் போட்டாள். தங்குபவர் என்ற வரியில் தம்பி மனைவியின் பெயரைத் தெளிவாக எழுதினாள். கையெழுத்தும் இட்டாள்.

தம்பி மூச்சு விட்டான். “அவ்வளவுதானேக்கா?”

அவ்வளவுதான் என்று தம்பி மனைவிக்குத் தோன்றவில்லை. மூன்று வாரம் கிடைக்காத கையெழுத்து மூன்று விநாடியில் கிடைத்தால் அதில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கும். அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனா கீழே இறங்கியது. படிவத்தின் கடைசியில் ‘உரிமையாளரின் நிபந்தனை, இருப்பின்’ என்றொரு வரி. மற்றவர்கள் கோடு போட்டுவிட்டுப் போகும் இடம். அக்கா அதில் எழுதத் தொடங்கினாள். தம்பி தோளுக்கு மேலாகக் குனிந்து வாய்விட்டுப் படித்தான்.

“‘சாவி ஒன்றே ஒன்று. அது தங்குபவரிடம் மட்டும் இருக்கும். உரிமையாளர், தங்குபவர் அழைக்காமல், எக்காரணம் கொண்டும் உள்ளே நுழையவோ, கதவைத் தள்ளிப் பார்க்கவோ கூடாது.’” அவன் நிமிர்ந்தான். “அக்கா! உனக்கு நீயே போட்டுக்கிட்டியா?”

“இன்னும் முடிக்கலை.”

அவள் ஒரு சொல்லை மேலே சேர்த்து, அது எங்கே வரவேண்டும் என்பதற்குச் சிறு குறியும் இட்டாள். ‘உரிமையாளர் இருவரும்’ என்றானது.

தம்பி அதை மனத்துக்குள் படித்தான். மறுபடி படித்தான்.

“இதுல நானும் வர்றேன்.”

“ரெண்டு பேர்தானே உரிமையாளர்?”

“என் பெண்டாட்டி இருக்கிற இடத்துக்கு நான் அவ கூப்பிட்டாத்தான் போகணுமா?”

“அவளுக்கு வேணாம்னா சொல்லட்டும். உன் பங்கை மட்டும் அடிச்சுட்டு, பக்கத்துல சின்னக் கையெழுத்துப் போட்டுடறேன். பேனாவை இன்னும் மூடலை.”

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அக்காவும் பார்த்தாள். வெளியே மேஸ்திரி வடக்குச் சுவரில் கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி.

தம்பி மனைவி மேசைமீது குனிந்து, நிபந்தனையை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்தாள். படித்து முடித்த பிறகும் சிறிது நேரம் குனிந்தே இருந்தாள். கணவன் பக்கம் திரும்பவில்லை.

“சொல்லேன்” என்றான் தம்பி. கேட்கப் பழகாத குரல்.

அவள் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

“நாலு நாற்பது அண்ணி. அஞ்சுக்குக் கவுன்ட்டரை மூடிடுவாங்க” என்று சொல்லிக் கையை நீட்டினாள்.

அக்கா ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு பேனாவை மூடி, படிவத்தை அவள் கையில் கொடுத்தாள்.